பத்துக் கம்பத்தில் தொலைந்த வோல்ட்

வன்னியபெருமாளுக்குச் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். உப்பு இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் சிப்பாயாக இருந்தவர். சாயங்காலம் உப்பளத்தை விட்டு வெளியே வருகிற பொம்பளைகளை வரிசையாக நிறுத்தி, கூடையைக் கவிழ்த்துத் தட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொல்வார். ஒரு கை உப்பு இருந்தாலும் பிடித்துக் கேஸ் எழுத வைத்துவிடுவார். அந்தப் பழக்கம் காக்கிச் சட்டையோடு கழன்று போகவில்லை. வீட்டில் மனைவி செல்லத்தாய் மீன் வாங்கி வந்தால், செவுளைத் தூக்கிப் பார்ப்பது மட்டுமில்லை, எந்தக் கரையில் வாங்கினாய், யாரிடம் வாங்கினாய் என்று கேட்டு முடித்த பிறகுதான் அது சட்டிக்குப் போகும். அந்த அம்மாளும் கல்யாணமான நாள்முதல் பதில் சொல்லிச் சொல்லி, கேட்பதற்கு முன்பே சொல்லப் பழகியிருந்தாள்.

இலாகாவை விட்டு வந்ததும் சங்கரபாண்டியன் முதலாளி அவரைக் கூப்பிட்டு வாசல் காவலுக்கு வைத்துக்கொண்டார். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பாற்று ஓடையை ஒட்டின பெரிய அளம் அது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அதில் ஆயில் எஞ்சினும் டைனமோவும் இருந்தன. டைனமோவிலிருந்து இரண்டு கம்பி கிளம்பி, முப்பது கம்பம் தாண்டி, முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கரையில் இருந்த பம்புக்குப் போகும். பம்பு ஓடையிலிருந்து கடல்தண்ணியை ஏற்றிப் பாத்திகளுக்கு விடும். தண்ணி வந்தால்தான் உப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில், மாசி பிறந்து வேலை தொடங்கியதும் பம்பு மக்கர் பண்ணியது. நின்றுபோனால்கூட எளிது, கழற்றிப் பார்த்துவிடலாம். அது நிற்கவில்லை. காய்ச்சலில் எழுந்து நடக்கிறவனைப் போல முனகிக்கொண்டு சுற்றியது. தொடை கனத்துக்குக் கொட்ட வேண்டிய தண்ணி மணிக்கட்டு கனத்துக்கு வந்தது. மோட்டாரைப் பிரித்துத் துடைத்தார்கள், எண்ணெய் விட்டார்கள், ஒன்றும் மாறவில்லை. கடைசி வரிசைப் பாத்திகள் காய்ந்து வெடித்தன.

மேனேஜர் நயினார் முதலாளிக்கு முன்னால் வைத்துச் சொன்னார். "மோட்டார்ல கோளாறு இல்ல. டைனமோவும் நல்லாருக்கு. நடுவுல எவனோ கரண்டத் திருடுதான்."

முதலாளி வன்னியபெருமாளைப் பார்த்தார். "நீரு இருக்கும்போது என் அளத்துல திருட்டா? கண்டுபிடியும்."

அன்றிலிருந்து வன்னியபெருமாளுக்கு முப்பது கம்பமும் முப்பது சாட்சி. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் கம்பிக்கு அடியிலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பார். கொக்கி போட்ட தடம் இருக்கிறதா, கம்பத்தடியில் புது மண் கிளறிக் கிடக்கிறதா என்று பார்ப்பார். முதல் பத்துக் கம்பத்திலும் கடைசிப் பத்துக் கம்பத்திலும் வெறும் செப்புக் கம்பி. நடுவில் ஓடையை ஒட்டிப் போகிற பத்துக் கம்பத்துக்கு மட்டும் தார் பூசின துணி சுற்றியிருக்கும். போன ஐப்பசியில் அடித்த காற்றில் அந்தப் பத்தும் சாய்ந்து கம்பி மண்ணில் விழுந்தது. கடல்காற்று அரிக்காமல் இருக்கட்டும் என்று அதே கம்பிக்குத் தார்த்துணி சுற்றி மறுபடி கட்டியதாகச் சொன்னார்கள். மேனேஜர் வெளியாட்களை வைத்து நடத்தின வேலை.

தடம் எதுவும் சிக்கவில்லை. அப்புறம் ஆளைப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் வயர்மேன் வில்பிரட். பரதவர் தெருப் பையன், கப்பலில் இரண்டு வருஷம் கரண்டு வேலை பார்த்துவிட்டுத் தை மாசம்தான் இங்கே சேர்ந்திருந்தான். பழைய வயர்மேன் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் கிடைத்த வேலை. வந்த மறுமாசமே பம்பு படுத்துவிட்டது. சந்தேகப்பட அது போதாதா? அவன் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தான், அதற்குப் பூட்டு வேறு. பூட்டின பெட்டி எதையும் வன்னியபெருமாளுக்குப் பிடிக்காது.

அடுத்தவள் தேவகனி. பம்பு ஓட்டுகிறவள். முன்னே அவள் புருஷன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் காலராவில் போன பிறகு, வேலை தெரிந்தவள் என்று அவளையே வைத்துக்கொண்டார்கள். பம்புக்குப் பத்தடி தள்ளி அவள் ஓலைக்குடிசை. ஒரு நாள் பொழுது மங்குகிற நேரத்தில் அந்தக் குடிசைக்குள் வெளிச்சம் தெரிந்தது. வன்னியபெருமாள் அப்படியே நின்றுவிட்டார். சண்டைக்காலம். மண்ணெண்ணெய்க்குக் கார்டு போட்டு, ஊரே இருட்டில் கஞ்சி குடிக்கிறது. இவளுக்கு எங்கிருந்து வெளிச்சம்?

கதவென்று வைத்திருந்த தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"ஏளா, எங்க சொருகி வச்சிருக்க கம்பிய?"

தேவகனி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. "எந்தக் கம்பி அண்ணாச்சி?"

 கூரை ஓலையைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் போட்டுத் தேடினார். பானை, பெட்டி, பாய் எல்லாம் வெளியே வந்தது. கம்பி இல்லை. மூலையில் ஒரு சிரட்டையில் திரி எரிந்துகொண்டிருந்தது. குனிந்து மோந்து பார்த்தார். புன்னை எண்ணெய்.

"புன்னக்கொட்ட பொறுக்கி ஆட்டுனது. அதுக்கும் கார்டு போட்டாச்சா?" என்றாள் தேவகனி.

அவர் வெளியே வந்தார். பிய்த்த ஓலை பிய்த்தபடி கிடந்தது. போகிற வழியெல்லாம், இவள் சாமர்த்தியக்காரி, நான் வருவது தெரிந்துதான் கழற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் வில்பிரட் அவரைத் தேடி வாசலுக்கு வந்தான். "அண்ணாச்சி, அந்தக்காவ எதுக்கு வதைக்கிய? திருட்டு இருக்கா இல்லையான்னு மீட்டர் சொல்லிரும். வாங்க, பாப்போம்."

"ஒன் மீட்டரு ஒனக்கு வேண்டியதச் சொல்லும்."

"அப்போ நீங்களே பாருங்க."

வில்பிரட் பூட்டின பெட்டியைத் திறந்தான். உள்ளே துணியில் சுற்றி இரண்டு மீட்டர் இருந்தன. ஒன்று வோல்ட் காட்டுகிறது, இன்னொன்று ஆம்பியர் காட்டுகிறது. கப்பலில் கூட இருந்த ஒரு வெள்ளைக்காரன் கரை இறங்கும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். வோல்ட் என்பது கரண்டைத் தள்ளுகிற வேகம், ஆம்பியர் என்பது ஓடுகிற கரண்டின் அளவு என்று வில்பிரட் சொன்னான். வன்னியபெருமாள் அதைக் காதில் வாங்கினாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

டைனமோ பக்கத்தில் இருநூற்றிருபது வோல்ட் இருந்தது. இரண்டு பேரும் பம்புக்கு நடந்து போனார்கள். பம்பை நிறுத்திவிட்டு அங்கே பார்த்தால் அதே இருநூற்றிருபது. பம்பைப் போட்டதும் முள் சரசரவென்று இறங்கி நூற்று அறுபத்தெட்டில் நின்றது.

வன்னியபெருமாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? பம்பு நிக்கும்போது திருடல. ஓடும்போது மட்டும் திருடுதான். பம்பு எப்ப ஓடும் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பக்கத்துல இருக்கிறவளுக்குத்தான் தெரியும்."

தேவகனி பம்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும் இடுப்புச் சேலையை இறுக்கிச் சொருகிக்கொண்டது.

"இல்ல அண்ணாச்சி. கரண்டு ஓடாதப்போ கம்பி ஒண்ணும் முழுங்காது. ஓடும்போதுதான் முழுங்கும். ரெசிஸ்டன்ஸ்னு சொல்லுவாங்க. கம்பியே கரண்ட வழிமறிக்கும். அந்த முரண்டுல வோல்ட் செலவாகிப்போகும்" என்றான் வில்பிரட்.

"கத விடாத."

"சரி. திருட்டுன்னே வச்சுக்கிடுவோம். நடுவுல ஒருத்தன் எடுத்தா, டைனமோ பக்கம் கூட ஆம்பியர் போகணும், இங்கன கொறச்சு வரணும். சரிதானே?"

வன்னியபெருமாள் யோசித்தார். வாசலில் பத்து மூட்டை போய், ஊரில் எட்டு மூட்டை இறங்கினால் நடுவில் இரண்டு போயிருக்கிறது. இது அவருக்குத் தெரிந்த பாஷை. "ஆமா. சரிதான்."

கொட்டகையில் கம்பிக்கு நடுவே ஆம்பியர் மீட்டரைக் கோத்தார்கள். முள் பத்தில் நின்றது. மீட்டரைக் கழற்றிக்கொண்டு பம்புக்கு வந்து அங்கே கோத்தார்கள். அங்கேயும் பத்து.

வன்னியபெருமாள் நம்பவில்லை. இடையில் வில்பிரட் எதையோ திருகியிருப்பான் என்று தோன்றியது. மீட்டரைத் தன் கையிலேயே வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, வில்பிரட்டைப் பத்தடி முன்னால் நடக்கவிட்டு மறுபடி கொட்டகைக்குப் போனார். பத்து. திரும்பிப் பம்புக்கு வந்தார். பத்து. மீட்டரைத் தலைகீழாக மாட்டச் சொன்னார். அப்படி மாட்டினால் முள் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டு உடையும் என்று வில்பிரட் கும்பிட்டான். சரியென்று விட்டார். சித்திரை வெயிலில் மூன்று தரம் போய் வந்ததில் வேட்டி உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

போன கரண்டு அத்தனையும் வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் ஒருத்தனும் எடுக்கவில்லை. தேவகனி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

"அப்போ அந்த அம்பத்திரண்டு வோல்ட் எங்கலே போச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. இவ்வளவு தூரத்துக்கு, இந்தக் கனத்துச் செப்புக் கம்பி இருபது வோல்டுக்கு மேல முழுங்கக் கூடாது. கம்பங் கம்பமா பாப்போம்."

ஏணியை வன்னியபெருமாள் பிடித்துக்கொண்டார், வில்பிரட் ஏறினான். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பத்தாவது கம்பத்தில் இருநூற்றுப் பதிமூன்று. ஏழு வோல்ட்தான் குறைந்திருந்தது. பிறகு தார்த்துணிக் கம்பி. அது முடிகிற இருபதாவது கம்பத்தில் ஏறினான். வன்னியபெருமாள் கீழேயிருந்து அண்ணாந்தார்.

"எவ்வளவுலே?"

"நூத்தி எழுவத்தஞ்சு அண்ணாச்சி."

அந்தப் பத்துக் கம்பத்துக்குள் மட்டும் முப்பத்தெட்டு வோல்ட் போயிருந்தது. வில்பிரட் இறங்கி வந்து பெட்டியிலிருந்து ஒரு லாடக் காந்தத்தை எடுத்தான். பழைய லாரி ஒன்றில் கழற்றியது. அதை வன்னியபெருமாள் கையில் கொடுத்தான். "எஞ்சின நிறுத்தச் சொல்லிட்டு வாரேன். அதுக்கப்புறம் நீங்களே ஏறிப் பாருங்க. செம்புல காந்தம் ஒட்டாது."

ஐம்பத்தாறு வயசில் அவர் ஏணி ஏறினார். பத்தாம் கம்பத்தில் வெறும் செப்புக் கம்பியில் வைத்தார். காந்தம் வழுக்கி வந்தது. தார்த்துணிக் கம்பியில் வைத்தார். துணிக்கு மேலேயே டக்கென்று கவ்விப் பிடித்தது. பிய்த்து எடுத்து இன்னொரு கம்பியில் வைத்தார். கவ்வியது. மடியிலிருந்த பேனாக்கத்தியால் தாரைச் சுரண்டினார். சிவப்பாக எட்டிப் பார்க்க வேண்டியது வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

"இரும்பு" என்றார் மேலேயிருந்தே.

"இரும்பு செம்ப விட ஆறு மடங்கு முரண்டு பண்ணும்" என்றான் கீழே நின்றவன்.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசியில் விழுந்த செப்புக் கம்பியைச் சுருட்டி வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். சண்டைக்காலத்தில் செம்பு எவ்வளவு பெரிய சாமான் என்பதும் தெரியும். அது வாசலைத் தாண்டாமல் வெளியே போயிருக்க முடியாது. அவர் வாசல் அது. வேலை நடந்த வாரத்தில் மேனேஜருடைய மூன்று வண்டி உப்பு மூட்டையோடு போனது ஞாபகத்துக்கு வந்தது. மாடுகள் மூட்டை எண்ணிக்கைக்கு மேலே மூச்சு வாங்கின. அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, மேனேஜர் வண்டியாச்சே என்று சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். பொம்பளைகளின் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்ன மனுசனுக்கு அந்த மூட்டையில் ஒன்றைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

சாயங்காலமே ஒரு முழம் கம்பியை வெட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார். நயினாரும் அங்கேதான் இருந்தார். வன்னியபெருமாள் நடந்ததைச் சொன்னார். வண்டியையும் சொன்னார்.

நயினார் பதறவில்லை. கம்பியை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "வெளியாளு ஏமாத்திட்டான் போல. ஆனா செம்பு வெளிய போகணும்னா வாசல் வழியாத்தானே போகணும்? வாசல்ல நின்னது யாரு?"

 முதலாளியின் பார்வை மெதுவாக நயினாரை விட்டு வன்னியபெருமாள் மேல் வந்து நின்றது. அந்தப் பார்வை வன்னியபெருமாளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அவர் கண்ணிலிருந்து வெளியே போனது அதுதான். முதல் தடவையாக அது தன்மேல் விழுந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். முதலாளி அனுப்பின ஆட்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். செல்லத்தாயின் தகரப்பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலையை உதறிப் பார்த்தார்கள்.  அவர்கள் போன பிறகு அவள் சிந்தின அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே, "ஒங்களையா இப்படி நெனச்சாவ?" என்று மட்டும் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தவன் நான் இல்லை என்று எப்படிக் காட்டுவது? இல்லாத ஒன்றை எந்த மீட்டரில் காட்ட முடியும்?

அவரைக் காவலிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மூன்றாம் நாள் முதலாளியே பாத்திகளைப் பார்க்க ஓடைக்கரைக்கு வந்தார். நயினாரும் கூட வந்தார். வில்பிரட் மீட்டரைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். வன்னியபெருமாளையும் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் தேவகனி பம்பை நிறுத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். ஐப்பசி காத்துக்குப் பொறவு மூணு வண்டி வந்துச்சு. சந்தைக்குப் போற ரோட்டுல போகல. இங்கன, ஓடையச் சுத்திக்கிட்டு, தோணி நிக்கிற எடத்துக்குப் போச்சு. மூட்டைய எறக்கும்போது ஒண்ணு கிழிஞ்சு உள்ள இருந்த கம்பி சரிஞ்சு விழுந்துச்சு. செவப்பா இருந்துச்சு. நான் பாத்தேன். வண்டிக்குப் பக்கத்துல மேனேசர் ஐயா கொடை பிடிச்சுக்கிட்டு நின்னாவ. வாசக் காவக்காரரு அங்க இல்ல."

"இத்தன மாசமா ஏன் சொல்லல?" என்றார் முதலாளி.

"யாரு கேட்டா? எங்கிட்ட எல்லாரும் கேட்டது, எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னுதான்."

நயினார் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். தோணிக்காரன் யார் என்று கேட்டார். தேவகனி பேரைச் சொன்னாள். நயினாருடைய கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

அவர்கள் போன பிறகு வன்னியபெருமாள் தேவகனியிடம் போனார்.  தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்காவச் சொல்லல அண்ணாச்சி" என்றாள் அவள். "செய்யாததுக்கு ஒருத்தர் வீட்டக் கலைக்கக் கூடாது. எனக்குக் கூரைய மறுபடி வேய ரெண்டு நாளாச்சு."

தோணிக்காரன் இரண்டே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நயினார் வைகாசி பிறப்பதற்குள் ஊரைவிட்டுப் போனார். முதலாளி போலீசுக்குப் போகவில்லை. சொந்தக்காரர் என்று பேச்சு. வன்னியபெருமாளை மறுபடி வாசலில் நிற்கச் சொன்னார். வீட்டைச் சோதித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

பம்புப் பிரச்னை அப்படியே இருந்தது. புதுச் செம்பு வாங்கலாம் என்றால், சண்டை முடிகிறவரை கிடைக்காது என்று எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். வில்பிரட் இரண்டு நாள் தாடையைச் சொறிந்துகொண்டு அலைந்தான். மூன்றாம் நாள் முதலாளி தோட்டத்து வேலிக் கம்பியைக் கேட்டான்.

"அதும் இரும்புதானலே?" என்றார் வன்னியபெருமாள்.

"இரும்புதான். கம்பி நீளமானா முரண்டு கூடும், தடிச்சா கொறையும். நீளத்த நாம ஒண்ணும் செய்ய முடியாது, செம்பும் கிடையாது. தடிமன் ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. ஒரு கம்பி இருக்கிற எடத்துல நாலு கம்பியச் சேத்துப் போட்டா, முரண்டு நாலுல ஒண்ணாப் போகும்."

"நாலு கம்பி வழியா நாலு மடங்கு கரண்டு போயி மோட்டாரு எரிஞ்சிராதா?"

"போகாது. மோட்டார் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் போகும்."

வன்னியபெருமாள் தலையாட்டினார். ஆனாலும் கம்பி போடுகிற ஆறு நாளும் கூடவே நின்றார். முனைகளை வில்பிரட் சுரண்டிப் பளபளப்பாக்கி முறுக்கிக் கட்டினதும், ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்தார். ஏழாம் நாள் எஞ்சினைப் போட்டார்கள். பம்பின் சத்தமே மாறிவிட்டது. முனகல் போய் ஒரே சீரான இரைச்சல். ஓடைத்தண்ணி குழாயை விட்டுத் தள்ளிப்போய் விழுந்தது. தேவகனி மீட்டரைக் குனிந்து பார்த்து, "நூத்தித் தொண்ணூத்திமூணு" என்று கத்தினாள்.

அன்றைக்குப் பிறகு வன்னியபெருமாள் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய். இன்னும் மோசமானார். புது மேனேஜரின் வண்டியை ஒவ்வொரு தரமும் நிறுத்தி, இரும்புக் குத்தூசியால் மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்தார். ஒரு தரம் முதலாளியின் காருடைய பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். முதலாளி முறைத்தார், ஆனால் திறந்தார். பொம்பளைகளின் முடிச்சை மட்டும் அவிழ்க்கச் சொல்வதில்லை. 

நாற்பத்தாறில் வில்பிரட் மறுபடி கப்பலுக்குப் போனான். மீட்டர் இரண்டையும் முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். வோல்ட் பார்க்க இன்னொரு மீட்டரும் வாங்கிப் பம்பில் மாட்டினார். காலையில் எஞ்சின் கிளம்பினதும் கொட்டகை வோல்ட்டை வன்னியபெருமாள் பார்ப்பார். பம்பு வோல்ட்டைத் தேவகனி பார்த்துவிட்டுக் கரையோரமாக நடந்து வந்து சொல்லிவிட்டுப் போவாள். நின்று பேசமாட்டாள். நலம் விசாரிக்கமாட்டாள். எத்தனை வோல்ட் என்பதை மட்டும் சொல்வாள். எஞ்சின் டிரைவர் சொல்கிற எண்ணெய் அளவைக் குச்சி விட்டு அளந்து பார்க்கிறவர், அவள் சொன்ன வோல்ட்டைக் கேட்டதும் கரிக்கட்டியால் கொட்டகைச் சுவரில் எழுதிவிடுவார். சரிதானா என்று பார்க்க ஒரு நாளும் பம்புக்கு நடந்து போனதில்லை.